எட்டிப் பார்க்காத மரம்

தட்டினேன், எட்டிப் பார்க்கவில்லை, அதனால் 'காலி' என்று எழுதிவிட்டேன். எத்தனை சுலபமாக எழுதினேன். அதற்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

படிவம் மேசைமேல் கிடந்தது. முப்பத்தொன்பது மரங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'காலி'. எல்லாம் போன மாதம் அணில் கணக்கெடுப்பில் அவளே எழுதியவை. கையொப்பம் மட்டும் பாக்கி. அது விழுந்தால் நாளைக் காலை அந்தக் காட்டுப் பகுதியில் வெட்டத் தொடங்கலாம்.

பறக்கும் அணில் பகலில் மரப்பொந்துக்குள் தூங்கும். அடிமரத்தைத் தடியால் தட்டினால் மேலே தலையை நீட்டும். நீட்டாவிட்டால் பொந்து காலி. கணக்கெடுப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். போன வாரம், பக்கத்துப் பகுதியில் அவள் காலி என்று எழுதியிருந்த மரம் ஒன்று சாய்ந்தது. பிளந்த பொந்துக்குள் தாய் அணில் இருந்தது. கைக்கும் காலுக்கும் நடுவே உள்ள தோலைப் போர்வைபோல விரித்து, கண் திறக்காத குட்டியை மூடியிருந்தது. இரண்டுக்கும் உயிர் இல்லை. அவள் தட்டியது அதற்குக் கேட்டிருக்கும். குட்டியை விட்டு எழுந்து வர மனமில்லை, அவ்வளவுதான்.

"என்ன, பேனாவுல மை தீந்துபோச்சா?" எதிரே உட்கார்ந்திருந்த மரக் குத்தகைக்காரர் சிரித்தார். அக்காவின் கணவர்.

"ஒவ்வொரு பொந்தா கேமரா விட்டுப் பாக்கணும் அத்தான்."

"நல்லா இருக்கே! ஆளுங்க நாளைக்கு வர்றாங்க. அதுக்குத்தான் பறக்கத் தெரியுமே, இந்த மரம் போனா அடுத்த மரம்."

"பறக்காது, சறுக்கும். உயரத்துலேருந்து கீழ்நோக்கி. நடுவுல மரம் இல்லன்னா தரையிலதான் விழும்."

"பிடிவாதத்துல உங்க அக்காவே தேவலாம்." அவர் சிரிப்பை நிறுத்தினார். குரல் தணிந்தது. "போன வாரம் நடந்தது வெளிய தெரியாம ஆளுங்க வாயை அடைச்சது யாரு? உன் வேலைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதானே?"

உண்மைதான். அன்று அவளும் வாயைத் திறக்கவில்லை.

அவள் பேனாவை எடுத்தாள். அவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

முதல் மரத்துக்கு எதிரே இருந்த 'காலி'யை அடித்துவிட்டு, 'தெரியவில்லை' என்று எழுதினாள். பிறகு இரண்டாவது மரம்.

"ஏய், என்ன பண்ற? கையெழுத்து?"

"இன்னும் முப்பத்தேழு இருக்கு அத்தான்" என்றாள், நிமிராமல்.