தேசப்பன் விழுந்துகொண்டிருந்த ஆண்டுகள்

"இழுக்காதண்ணே. இழுக்க இழுக்க எறங்குறாரு பாரு."

விக்டோரியா சொன்னதும் பக்கத்து வீட்டு முனிகிருஷ்ணன் கையை எடுத்துக்கொண்டார். அவளுடைய மாமனார் தேசப்பன், வழுக்கிய கால் முன்னே நீண்டிருக்க, முதுகு தரையை நோக்கிச் சாய்ந்திருக்க, கூடத்தின் நடுவே அந்தரத்தில் இருந்தார். காலையில் விழ ஆரம்பித்தவர் மாலையாகியும் தரைக்கு வந்து சேரவில்லை.

"தேசப்பா, எறங்குற ஸ்டேஷன் வந்தா சொல்லு," என்றார் முனிகிருஷ்ணன்.

"உன் ஊட்டுத் தரையும் பளபளன்னுதான் கீது. பாத்து நட," என்றார் தேசப்பன்.

அது 1971 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். கவரைப்பேட்டையில் அந்தத் தெருக்காரர்கள் வயல் கூலியை விட்டு ஆலை வேலைக்குப் போய், சாணித் தரையைப் பெயர்த்துச் சிவப்பு சிமெண்ட் போட்டிருந்த காலம். பண்டிகை வந்தால் முகம் தெரியும்வரை தரையில் தேங்காய் எண்ணெய் தேய்ப்பார்கள். இந்த வீட்டில் தேய்த்தது மகன் ராஜமாணிக்கம். கம்பவுண்டர் வந்து நாடி பார்த்தார். நாடி சரியாக இருந்தது. இந்த வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் ஒட்டாது என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டிலை அவருக்கு அடியில் தள்ளினார்கள். தேசப்பன் ஒரு சாண் நகர்ந்து மறுபடி சிமெண்டின் மேலேயே விழத் தொடங்கினார்.

தெருவிலேயே முதல் சிமெண்ட் தரை அது. உடைக்க ராஜமாணிக்கத்துக்கு ஒரு வருடம் மனம் வரவில்லை. மெயில் வண்டி கடக்கும்போதெல்லாம் வீடு அதிர்ந்து, தகப்பன் நூலளவு இறங்குவதைப் பார்த்துப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து வந்ததும் உளி எடுத்துக் கூடம் முழுவதையும் பெயர்த்தான். மண் கொட்டி வைக்கோல் பரப்பினான். மற்ற வீடுகளிலும் எண்ணெய் தேய்ப்பது நின்றது. கட்டிலிலிருந்து புழக்கடை வரை பிடித்து நடக்கக் கயிறு கட்டினார்கள். குளிக்கிற கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்கினார்கள். இரவெல்லாம் ஒரு விளக்கு எரிந்தது. அந்த ஆண்டுகளில் அந்தத் தெருவில் வயதானவர் எவரும் விழவில்லை, தேசப்பனைத் தவிர. விக்டோரியா அவருக்குக் கரண்டியில் கஞ்சி ஊட்டினாள். மழைநாட்களில் அவருடைய நீட்டிய காலில் துணி காயப்போட்டாள். வந்து போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகியிருந்தார்கள்.

1977 மழைக்காலத்தில் முதுகுக்கும் வைக்கோலுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது. சாப்பாட்டுத் தூக்கோடு பகல் ஷிப்டுக்குக் கிளம்பிய மகனின் கால்சட்டை நுனியை அவர் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கி வந்து சேந்துடுவேன்னு தோணுது மாணிக்கம். வைக்கோலு மெத்துன்னுதான் கீது, இருந்தாலும் பயமாக்கீது. வேலைக்குப் போவாம பக்கத்துல குந்திக்கினு இருக்கியா, நைனா?"