ஒரு பெட்டிக்குத்தான் இடம்

"ரெண்டுமே உங்க புக்கிங்தான் மேடம். எது ஏறணும்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார் போனில் விமான நிறுவனத்தின் சரக்குப் பிரிவுக்காரர்.

அம்மாவுக்காகப் பால் ஆற்றிக்கொண்டிருந்த அவள் டம்ளரைச் சமையல் மேடைமேல் வைத்தாள். பெரிய விமானம் பழுதாகிவிட்டதாம். கடைசித் தூரத்துக்குச் சின்ன விமானத்தை விட்டிருக்கிறார்கள். அதன் வயிற்றில் நீளப் பெட்டி ஒன்றுக்குத்தான் இடம். நடுவழி விமான நிலையத்தில் இரண்டு நீளப் பெட்டிகள் காத்துக் கிடந்தன. ஒன்றில் பிஸ்கட் தொழிற்சாலை அடுப்புக்கான உருளை. மற்றதில் அவளுடைய தம்பி.

"இத விட்டா அடுத்தது எப்ப?"

"உறுதியா சொல்ல முடியல மேடம்."

"கொஞ்ச நேரம் குடுங்க, யோசிச்சு..." தொழில் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. யோசிக்க என்ன இருக்கிறது என்று பிறகுதான் உறைத்தது. "இல்ல, வேணாம். தம்பிய ஏத்துங்க. உருளைய நிறுத்தி வைங்க."

தம்பி கடல்தாண்டி ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வெல்டர். படுத்தவன் எழுந்திருக்கவில்லை. காலை வேலைக்கு எழுப்பப்போன அறைத்தோழன்தான் தொட்டுப் பார்த்துவிட்டு அலறியிருக்கிறான். செய்தி வந்ததும் அம்மா சுவரில் சாய்ந்து சரிந்தாள். இவள் கைபேசியை எடுத்தாள். தூதரகம், மருத்துவமனை, அங்குள்ள முகவர், விமான நிறுவனம் என்று வரிசையாகப் பேசினாள். "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று ஓர் உறவுக்காரி சொன்னது காதில் விழுந்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான்: எங்கோ கிடக்கும் ஒன்றை, சேரவேண்டிய இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது.

அவளிடம் கப்பல் இல்லை, விமானம் இல்லை, சொந்தமாக ஒரு தள்ளுவண்டிகூட இல்லை. ஆனாலும் இந்த ஊர்க் கடைக்காரர்களும் ஆலைக்காரர்களும் தங்கள் சரக்கை அவளை நம்பித்தான் விட்டிருந்தார்கள். இடம் பிடிப்பாள், சுங்கத்தில் பேசுவாள், லாரி சொல்வாள். "ஊரான் மூட்டைய ஊரான் வண்டியில ஏத்துற. நடுவுல உனக்கு எதுக்குக்கா மூச்சு வாங்குது?" என்று தம்பி கிண்டலடிப்பான்.

இனி பிஸ்கட் முதலாளியிடம் சொல்ல வேண்டும். உருளை உடைந்து அடுப்பு நின்றதிலிருந்து அந்த மனிதர் விடிந்தால் போதும், அழைத்துவிடுவார். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை, குரல் பழக்கம்தான்.

"என்ன மேடம், ஏறிடுச்சா?"

"இல்ல சார். இந்த விமானத்துல வரல."

அவர் வெடித்தார். "மழைன்னீங்க, கேட்டேன். ஸ்டிரைக்குன்னீங்க, கேட்டேன். இன்னைக்கு என்ன கதை? ஆளுங்க தினம் வந்து வாசல்ல உக்காந்துட்டுப் போறாங்க மேடம். அவங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

"வேற ஒரு சரக்கு ஏறுது சார்."

"அப்படி என்ன தலைபோற சரக்கு அது?"

தம்பியைச் சரக்கு என்று சொன்னது தன் வாய்தானா என்று இருந்தது அவளுக்கு. மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என் தம்பி சார்."

"தம்பியோட சரக்கா?"

"தம்பிதான் சார்."

வழக்கமாக அவர் குரலுக்குப் பின்னால் தகரத் தட்டுகள் உருளும் சத்தம் கேட்கும். அடுப்பு நின்றதிலிருந்து அது இல்லை.

"ஏத்தச் சொல்லும்மா" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அவளை மேடம் என்று சொல்லாதது அன்றுதான்.

அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "யாருடி போன்ல? அவன் கெளம்பிட்டானா?"

"கெளம்பிட்டான்மா."

"மேல போனா குளுரும்னு சொல்லுவானே."

"போர்வை போட்டிருக்காங்கம்மா. நீ பாலக் குடி."

மாலையில் விமானம் வந்திறங்கியதும் சரக்குக் கொட்டகைக்குப் போனாள். கண்டதும் வம்புக்கு இழுக்கும் வாயில் காவலர் இன்று எழுந்து நின்றார். சுங்க அதிகாரி ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்திட்டார். தூக்கு வண்டி பெட்டியைக் கொண்டுவந்து சரக்கேற்றும் மேடை விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அப்போதுதான் தெரிந்தது, அமரர் ஊர்தியில் ஏற்ற ஆள் இல்லை. ஊரார் சரக்குக்கெல்லாம் முதல்நாளே ஆள் சொல்லி வைப்பவள், தம்பிக்குச் சொல்ல மறந்திருந்தாள். அவளும் ஊர்தி ஓட்டுநரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பக்கவாட்டில் பிஸ்கட் படம் போட்ட வண்டி ஒன்று வந்து நின்றது. ஆறேழு பேர் இறங்கினார்கள். பின்னாலேயே குட்டையாக, தலை நரைத்த ஒருவர் வந்தார். அவர் வாயைத் திறந்ததும்தான் யாரென்று அவளுக்குப் புரிந்தது.

"வேலை இல்லாம சும்மாதாம்மா இருந்தாங்க" என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்ல... நான் அந்த அர்த்தத்துல சொல்லல."

"உங்க உருளை..."

"அது வரும்போது வரட்டும்."

ஆட்கள் பெட்டியைச் சூழ்ந்தார்கள். "தலைமாடு எந்தப் பக்கம்கா?" என்று ஒருவர் கேட்டார். அவள் பெட்டியைச் சுற்றி வந்தாள். எழுதியிருக்கும், எழுதாமல் எந்தப் பெட்டியும் ஏறாது. ஆனால் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. முதலாளி குனிந்து படித்துவிட்டு, "இந்தப் பக்கம்" என்று மெல்லச் சொன்னார்.

ஊர்தியில் அவள் பெட்டியின் அருகே உட்கார்ந்தாள். ஆட்களோடு பிஸ்கட் வண்டியும் பின்னாலேயே வந்தது. பலகையில் விமான நிறுவனத்தின் சீட்டு ஒட்டியிருந்தது. ஊர்க் குறியீடு, எண், எடை. ஆயிரக்கணக்கில் ஒட்டியிருப்பாள். அம்மா இதைப் பார்க்கக்கூடாது என்று தோன்றியது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தாள். நல்ல பசை, லேசில் வரவில்லை. வீட்டுத் தெரு திரும்பும்வரை சுரண்டிக்கொண்டே வந்தாள்.

வாசலில் அம்மா அழாமல் நின்றிருந்தாள். முதலில் இறங்கிய மகளின் கையைப் பற்றிக்கொண்டாள். பற்றியதும் விரித்துப் பார்த்தாள்.

"என்னடி, கையெல்லாம் பிசுபிசுன்னு?"

அம்மா முந்தானையை இழுத்து ஒவ்வொரு விரலாகத் துடைக்கத் தொடங்கினாள். பின்னால், "மெதுவா... மெதுவா..." என்று பெட்டியை இறக்கும் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.