கண்ணாடி வண்டியில் என் முறை

என் வீட்டுக்காரர் ஏகாம்பரத்தை நடக்க வைக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு எந்தப் பொதுநல நோக்கமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், வசந்தகுமாரி என்ற பெண்மணி ஊருக்காகப் போராடி நடைபாதை வாங்கிக் கொடுத்தாள் என்று யாராவது மேடை போட்டுச் சால்வை போர்த்திவிடுவார்கள். எனக்கு ஊரும் முக்கியமில்லை, சால்வையும் முக்கியமில்லை. அந்த மனிதர் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆவடியில் டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்த்த வரைக்கும் அவர் நன்றாகத்தான் நடந்தார். குவாட்டர்ஸ் ரோடுகள் அகலம், இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரம், காலையில் ஒரு கூட்டமே அரசியல் பேசிக்கொண்டு நடக்கும். ஓய்வு பெற்று தாழைமேட்டில் இரண்டாவது மாடியில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்தோம். அதோடு சரி. அவரோடு சேர்ந்து அவருடைய கால்களும் ஓய்வு பெற்றுவிட்டன. சோபா, டிவி, மடியில் காராபூந்தி டப்பா. சர்க்கரை ஏறிக்கொண்டே போனது.

டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். "அம்மா, மாத்திரை மட்டும் பத்தாது. இவர் தெனமும் நடந்தே ஆகணும். இல்லேன்னா அவங்க அண்ணன் கதைதான்." அண்ணனுக்கு முதலில் கால் விரல் போனது, பிறகு பாதம் போனது, பிறகு ஆளே போய்விட்டார். அன்றைக்கு நான் ஆட்டோவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அப்படி ஒரு பயம் அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நடங்கள் என்றேன். "எங்க நடக்கறது? நடக்க ஒரு இடத்தக் காட்டு, நடக்கறேன்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் ஒரு பக்கம், தோண்டிப் போட்ட மண் மறுபக்கம். நடுவில் தண்ணீர் லாரி போகும். லாரி போகாத நேரத்தில் நாய்கள் இருக்கும்.

சரி, இடத்தைத்தானே காட்ட வேண்டும் என்று மூன்று நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு கவுன்சிலர் துலுக்கானத்திடம் போனேன். எதிர் ஃபிளாட் ஜமீலாவும், மேல் மாடியில் ஐ.டி. கம்பெனி வேலையிலிருக்கும் லாவண்யாவும் கூட வந்தார்கள். துலுக்கானம் நல்ல மனிதர். யாருக்கும் எதற்கும் முடியாது என்று சொல்லத் தெரியாது. ஊரின் பாதிக் கஷ்டம் அதனால்தான்.

"இன்னாக்கா, ஒரு நடபாததான? இதுக்குப் போய் இம்மாந்தூரம் வந்துகினு. போட்ருவோம்" என்றார்.

போட இடம் வேண்டுமே. மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று போட்டிருந்த இடத்தில் ஒரு பிள்ளையார் கோயிலும், ஒரு கட்சி அலுவலகமும், யாரோ ஒருவருடைய கார் ஷெட்டும் இருந்தன. நகராட்சி முழுக்கத் தேடிப் பார்த்ததில், நாலு பக்கமும் யாரும் வளைத்துப் போடத் துணியாத இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. சுடுகாடு. உடல்நலத் திட்டத்தில் வந்த பணத்தையோ மார்ச் மாதத்துக்குள் செலவழித்தாக வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும். பிணத்துக்குப் பயப்படாத நகர்மன்றம் பணம் திரும்பிப் போவதற்குப் பயந்தது. தீர்மானம் நிறைவேறியது.

வேலையைக் குறை சொல்ல முடியாது. சுற்றுச்சுவரை ஒட்டி வட்டமாகச் சிவப்புக் கல் பதித்த பாதை, அமரர் ஊர்தியும் போய் வருகிற அகலத்தில். ஒரே செலவில் இரண்டு வேலை என்றார்கள். பெஞ்சுகள், விளக்குகள், இடுப்பைத் திருப்பும் மிஷின், காலை ஆட்டும் மிஷின். எரிமேடைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில், 'தினமும் வாருங்கள், ஆயுளைக் கூட்டுங்கள்' என்று ஒரு பலகை.

ஏகாம்பரம் கேட்டுவிட்டு ஒரு கை காராபூந்தியை வாயில் போட்டுக்கொண்டார். "அங்க நான் ஒரே ஒரு தடவதான் போவேன். அதுவும் நடந்து போக மாட்டேன்."

அவர் பாதுகாப்பாக உட்கார்ந்துவிட்டார். இனி யார் கேட்டாலும் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நான் நடந்து காட்டினால் வெட்கப்பட்டாவது வருவார் என்று நினைத்தேன். ஆனால் நான் பிறந்த ஊரிலும் சரி, வாழ்க்கைப்பட்ட ஊரிலும் சரி, பெண்கள் சுடுகாட்டு வாசலை மிதிப்பதில்லை. ஜமீலாதான் வழி காட்டினாள். "எங்க ஆளுங்களுக்கு இங்க அடக்கம் கெடையாது, அதனால தீட்டும் கெடையாது. நான் முன்னாடி போறேன், நீங்க என் பின்னாடியே வாங்கக்கா."

போனோம். கேட் பூட்டியிருந்தது. கேட்டுக்கும் அமரர் ஊர்திக்கும் சேர்த்து இருதயராஜ் என்று ஒரே ஆள். அவர் பழைய தீர்மானம் ஒன்றைச் சொன்னார். உள்ளே போய்ச் சிலர் குடிக்கிறார்கள் என்பதால், அமரர் ஊர்தி வரும்போது மட்டுமே கேட்டைத் திறக்க வேண்டும் என்று முந்தைய மன்றம் முடிவு செய்திருந்ததாம். திரும்பவும் துலுக்கானத்திடம் ஓடினேன்.

"அத்த மாத்த முடியாதுக்கா. மாத்துனா ஆடிட்ல கேப்பான், பூட்டி வெச்ச எடத்துல எதுக்குடா நடபாத போட்டேன்னு. மாத்தாம உட்டா எவனும் கேக்க மாட்டான். ரெண்டும் அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

அதாவது, ஊரில் யாராவது செத்தால் நாங்கள் நடக்கலாம்.

முன்பெல்லாம் தெருக்கோடியில் மேளச் சத்தம் கேட்டால், ஐயோ பாவம், யாரோ என்று ஒரு நிமிடம் நிற்பேன். இப்போது ஷூ எங்கே என்று தேடினேன். ஊர்வலத்துக்குப் பின்னாலேயே போய், கேட் திறந்ததும் நடைபாதையில் இறங்கிவிடுவோம். மேளத்துக்குக் கால் தானாக வேகம் பிடிக்கும். மார்கழிக் குளிரில் வயதானவர்கள் வரிசையாகப் போனார்கள், நாங்கள் நன்றாக நடந்தோம். இறந்தவர் வீட்டுக்காரர்கள், கடைசி வரைக்கும் கூட வந்த பெண்கள் என்று எங்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் ஏகாம்பரம் வாசலில் குறுக்கே நிற்பார். கீழே போய்க் குளித்துவிட்டு வந்தால்தான் உள்ளே விடுவார். என் சர்க்கரை இறங்கியது, எனக்கு முதலில் சர்க்கரையே கிடையாது. அவருடையது ஏறியது.

தை பிறந்ததும் சாவு நின்றுபோனது. ஒருவர்கூடப் போகவில்லை. மூலை வீட்டுத் தாத்தாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று ஒருநாள் அக்கறையாக விசாரித்தேன். தேவலை என்றார்கள். எனக்கு முகம் சுருங்கியது. வீட்டுக்கு வந்து பூஜை அறையில் தலையில் குட்டிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் துலுக்கானம் வழி கண்டுபிடித்தார். சாவு வந்தால்தானே வண்டி வரும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? வண்டியைத் தினமும் காலையில் எங்கள் குடியிருப்பிலிருந்து சுடுகாட்டுக்கு ஓட்டிவிட்டால் கேட் திறந்தாக வேண்டும். ஒரே ஒரு சிக்கல், காலி வண்டிக்கு டீசல் கொடுக்க விதியில்லை. உள்ளே ஒருவர் படுத்திருக்க வேண்டும். படுத்திருப்பவருடைய நெருங்கிய உறவினர் ஒருவர் வண்டிக்குப் பின்னால் நடந்து வர வேண்டும். அப்போதுதான் பில் பாஸ் ஆகும்.

மன்றத்தில் இதற்கு எதிர்ப்பே இல்லை. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் மட்டும் எழுந்து, தன் வார்டு பெண்களுக்கும் படுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம். தினம் ஒரு மாலைக்கும் மேளத்துக்கும் டெண்டர் விட்டார்கள்.

முறை வைத்துப் படுத்தோம். முதல் நாள் ஜமீலா. அவள் மகன் செல்போனைப் பார்த்துக்கொண்டே அம்மாவுக்குப் பின்னால் நடந்தான். லாவண்யா படுத்த அன்று அவள் புருஷன் ஆபீஸ் மீட்டிங்கைக் காதில் மாட்டிக்கொண்டு நடந்தான். மேளத்தைக் கேட்ட மேனேஜர், இவன் கேட்காமலேயே ஒரு வாரம் லீவு கொடுத்துவிட்டாராம். என் முறையை மட்டும் நான் தள்ளித் தள்ளிப் போட்டேன். என் உறவினர் சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டாரே.

கடைசியில் தள்ள முடியாமல் போய்விட்டது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அவர் கால் கட்டைவிரலில் செருப்பு கடித்திருந்தது. தோல் உரிந்து ரத்தம் கசிந்தும் அவருக்குத் தெரியவில்லை. நான் பார்த்துச் சொல்லித்தான் குனிந்து பார்த்தார். புண் ஆறுகிற வரை ராத்திரியெல்லாம் நான் தூங்கவில்லை. ஆறியதும் டாக்டர் மறுபடி அதையே சொன்னார், நடக்கணும்.

"நாளைக்கு என் முறைங்க. நீங்க பின்னாடி வரணும்."

"நீ நெஜமாவே படுத்தாக்கூட நான் அங்க..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் சொல்ல வந்தது எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷம் சமைத்துப் போட்டவளிடம் சொல்கிற பேச்சா அது?

காலையில் குளித்து, மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து, தலை நிறைய மல்லிப்பூவோடு கீழே போய்க் கண்ணாடி வண்டியில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மாலை போட்டார்கள். மேளம் ஆரம்பித்தது. வண்டி நகரவில்லை.

"யக்கா, சொந்தக்காரங்க யாரும் காணோமே. ஆளில்லாம நான் வண்டிய எடுக்க முடியாது" என்றார் இருதயராஜ்.

"ஹாரன் அடிங்க" என்றேன், உதடு அசையாமல்.

அடித்தார். பெண்கள் ஷூ மாட்டிக்கொண்டு காத்து நின்றார்கள். மேலே என்ன நடந்தது என்பதைப் பிறகு ஜமீலா சொன்னாள். முகப்பேரிலிருந்து முந்தின நாள்தான் எங்கள் பிளாக்கில் குடிவந்த ஒருவர் பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறார். விஷயம் தெரியாத அந்த நல்ல மனிதர் எங்கள் கதவைத் தட்டி, ஏகாம்பரத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாராம். "மனசத் தேத்திக்குங்க சார். நேத்து சாயந்தரம்கூட மொட்டமாடியில துணி எடுத்துகிட்டு இருந்தாங்களே. பூவும் பொட்டுமா போயிட்டாங்க."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தச் செருப்பு எனக்குத் தெரியும். வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"வசந்தா. தமாஷ் போதும். எந்திரி."

எழுந்திருந்தால் அவர் மாடியேறிவிடுவார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். சொந்தக்காரர் வந்துவிட்டார் என்று இருதயராஜ் வண்டியை எடுத்துவிட்டார்.

"ஏய், நிறுத்துப்பா! வசந்தா, கண்ணத் தொறந்து பாரு. எல்லாரும் பாக்கறாங்க." கண்ணாடியைத் தட்டிக்கொண்டே வந்தார். தெரு திரும்பியது, வண்டியும் திரும்பியது, அவரும் திரும்பினார். "சாப்பிட ஒண்ணும் பண்ணல நீ. கேஸ் அடுப்ப அணைச்சியா?" கேட் திறக்கும் இரும்புச் சத்தம் கேட்டது. வாசலில் நின்றுவிடுவார் என்று நினைத்தேன். செருப்புச் சத்தம் நிற்காமல் உள்ளே வந்துவிட்டது.

வண்டி சிவப்புக் கல் பாதையில் ஏறி மெதுவாகப் போனது. இப்போது அவர் கத்தவில்லை. "எந்திரிம்மா. உன்ன இப்படிப் பாக்க முடியலம்மா என்னால" என்றார். குரல் உடைந்து போயிருந்தது. எனக்குக் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினால் எல்லாம் வீணாகிவிடும் என்று அப்படியே விட்டேன். எனக்குக் கேட்டதெல்லாம் அவர் மூச்சு. வாங்கியது, ஆனால் சீராக வாங்கியது. அவர் நடந்துகொண்டிருந்தார்.

ஒரு சுற்று முடிந்து வண்டி நின்றது. அவர் கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"சரி, நான் தோத்துட்டேன். நாளையிலேர்ந்து தெனமும் வரேன், சத்தியமா. இப்ப எந்திரி."

நாளையிலிருந்து என்று அவர் சொல்லி நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கண்ணைத் திறக்காமலே கையை மட்டும் நீட்டி, டிரைவர் சீட்டுப் பக்கத்துக் கண்ணாடியை விரலால் தட்டினேன். இருதயராஜ் கியரைப் போட்டார். பின்னால் என்னைத் திட்டிக்கொண்டே அவர் நடந்து வந்தார்.