மூன்று மில்லிமீட்டர்

பெரியநாயக்கன்பாளையத்தில் கதிர்வேலின் கம்பெனி, கிணற்று மோட்டார்களுக்குத் தானியங்கி ஸ்டார்ட்டர் செய்தது. அதற்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுகளை வடிவமைப்பவள் நிலோஃபர். ஒன்பது வருஷமாக அதுதான் வேலை.

ஐப்பசி மழையில் ஒரு போர்டு கருகித் திரும்பி வந்தது. காரமடைப் பக்கம் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ இறங்கிய திருமலைசாமி, நீர்மட்டம் அறிய உள்ளே தொங்கவிட்டிருந்த சென்சார் ஒயரைப் பிடித்திருக்கிறார். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் வரவே கூடாத ஒயர் அது. உயிர் அங்கேயே போய்விட்டது.

நிலோஃபர் போர்டை லென்ஸுக்கு அடியில் வைத்தாள். மெயின் கரண்ட் வரும் பக்கத்துக்கும் சென்சார் பக்கத்துக்கும் நடுவில், பச்சைப் பலகையின் மேல் கருப்பாக ஒரு கோடு. படிந்த தூசியில் ஈரம் ஏறி, அதன் வழியே கரண்ட் தாண்டியிருக்கிறது. பழைய போர்டில் அங்கே எட்டு மில்லிமீட்டர் இடைவெளி. பெட்டியைச் சிறிதாக்கச் சொல்லி கதிர்வேல் கேட்டபோது அவள்தான் மூன்றாகக் குறைத்தாள். சாஃப்ட்வேர் சிவப்பில் எச்சரித்தது. டெலிவரி அவசரத்தில் அந்த எச்சரிக்கையை அவளே நிறுத்திவைத்தாள்.

"மழத்தண்ணி எறங்கிருக்கும் அம்மணி," என்றார் கதிர்வேல். "அங்கயும் அப்படித்தான் பேசிக்கறாங்க."

"மழையில்லீங்க. நான் வரஞ்சதுதானுங்க."

மறுநாள் காலை அவள் காரமடைக்கு பஸ் ஏறினாள்.

திருமலைசாமியின் மனைவி சாந்தாமணி வாசலில் நின்றபடியே அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"நடுவுல எடம் பத்தாதுன்னு எனக்குத் தெரியுமுங்க அக்கா. தெரிஞ்சும் விட்டுப்போட்டேன்."

சாந்தாமணி சொன்னார்: "தொட்டியக் கழுவச் சொன்னது நானு. என்னாலதான் போனாருன்னு பத்து நாளா சோறு எறங்காமக் கெடக்கறேன்."

நிலோஃபர் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதே பெட்டி இன்னும் எத்தன ஊட்டுல இருக்குது?"

"நானூத்திப் பதினாறுங்க."

"அப்புறம் இங்க நின்னு என்ன அழுகை? போயி அதையெல்லாம் கழட்டு."

பஸ் ஸ்டாப்பிலிருந்தே கதிர்வேலுக்குப் போன் செய்தாள். "எல்லாப் பெட்டியும் கழட்டோணுங்க. வாங்குனவங்ககிட்ட நீங்க சொல்லலீன்னா நானே ஒவ்வொருத்தருக்கா சொல்றேனுங்க." "லிஸ்ட்ட எடுக்கச் சொல்றேன். மொதல்ல மெயின ஆஃப் பண்ணச் சொல்லுவோம்," என்றார் கதிர்வேல்.

எல்லாவற்றையும் மாற்ற இருபத்து மூன்று நாள் ஆனது. புது போர்டில் எட்டு மில்லிமீட்டர் விட்டு, தூசி வழியே கரண்ட் தாண்டாதபடி நடுவே பலகையை அறுத்து ஒரு பிளவும் வைத்தாள். கடைசிப் பெட்டி வால்பாறையில். திறந்து பார்த்தால் கருப்புக் கோடு பாதி தூரம் ஓடி நின்றிருந்தது. அந்தப் போர்டை அவளே கையால் கழற்றினாள்.

தவறு தன்னுடையது என்று கையெழுத்திட்ட கடிதத்தோடு மறுபடி காரமடை போனாள். சாந்தாமணி வாங்கிக்கொண்டார். வால்பாறைப் பெட்டியில் பார்த்ததையும் நிலோஃபர் சொன்னாள்.

"வால்பாறையில ஆரு குடியிருக்காங்க?"

"ஒரு அம்மாவும் ரெண்டு புள்ளைகளுங்க."

"செரி," என்றார் சாந்தாமணி. உள்ளே வா என்று அவர் கூப்பிடவில்லை. நிலோஃபரும் அதை எதிர்பார்க்கவில்லை.