ஏசுராஜ் கட்டிய மஞ்சள் என்ஜின்

மிளகுக் கொடி படர்ந்த மரத்தில் ஏணி வைத்து ஏறி விழுந்து ஏசுராஜின் இடது கால் முறிந்தது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்குமாகப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். சும்மா கிடக்கத் தெரியாத மனுசன். பார்க்க வருகிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தார்.

அவர் மனைவி லூர்துசெல்வி கான்வென்டில் தையல் டீச்சர். லண்டனில் நர்சாக இருக்கும் அவள் தங்கை எப்போதோ அனுப்பி, பிரிக்காமலே கிடந்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். உள்ளே துண்டு துண்டாகப் பிளாஸ்டிக். ஒட்டிச் சேர்த்தால், நூற்றைம்பது வருஷத்துக்கும் முந்தி இங்கிலாந்தில் ஓடிய ‘ராக்கெட்’ என்ற நீராவி என்ஜின், சின்ன உருவத்தில் அப்படியே வந்துவிடும்.

இங்கிலீஷ் குறிப்பை அவள் படித்துத் தமிழில் சொல்ல, அவர் ஒட்டினார். பாய்லர், நெட்டை வெள்ளைப் புகைபோக்கி, பெரிய முன்சக்கரம், பின்னால் தண்ணீர்ப் பீப்பாய் வைத்த வண்டி. மஞ்சள் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தபோது கண்டக்டர் பழனிசாமி வந்தார்.

“ஏனுங்கண்ணா, என்ஜின்னா கருப்பாத்தானுங்களே இருக்கும்?”

“இது மஞ்சளாத்தான் ஓடுச்சு. அப்ப மஞ்சதான்.”

பெருமையாகச் சக்கரத்தைச் சுழற்றிக் காட்டிய ஏசுராஜின் கை நின்றுவிட்டது. சக்கரத்தைத் தள்ளும் இரண்டு பக்கத்துத் தண்டுகளும் ஒன்றாக முன்னே போய் ஒன்றாகப் பின்னே வந்தன.

“செல்வி, அந்தச் சக்கரத்துப் பக்கத்த இன்னொருக்கா படி.”

அவள் படித்தாள். ஒரு பக்கத்துத் தண்டு தன் ஓட்டத்தின் நுனிக்குப் போகும்போது மறுபக்கத்தது நடுவில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரம் நுனியில் நின்றால் நிஜ என்ஜின் கிளம்பவே கிளம்பாது. அந்த வரியை முதல்முறை அவள் தாண்டிப் போயிருந்தாள்.

“கண்ணாடிக்குள்ள வெச்சுட்டா யாருக்குங்க தெரியும்? நொம்ப நல்லாருக்குது, உட்டுருங்கண்ணா” என்றார் பழனிசாமி.

“ரெண்டு காலையும் ஒண்ணா எடுத்து வெச்சு எவனாச்சும் நடப்பானாய்யா?”

ஒட்டிய சக்கரத்தைப் பிடுங்கினார். ஆரக்கால் ஒன்று படக்கென்று முறிந்தது. கட்டிலே அதிரும்படி குத்தினார். லூர்துசெல்வி உள்ளே போய், ஸ்வெட்டர் பின்னும் பிளாஸ்டிக் ஊசியைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் ஒரு துண்டு வெட்டி, பிளேடால் சீவிச்சீவி, ஆரக்காலாக வைத்து ஒட்டினார். சக்கரத்தைக் குறிப்பில் சொன்னபடி திருப்பி மாட்டி, உரிந்த இடத்துக்கெல்லாம் மறுபடி பெயிண்ட் அடித்தார்.

ஏற்காட்டில் மே மாதக் கோடை விழாக் கண்காட்சியில் அந்த என்ஜினுக்கும் ஒரு மேஜை கிடைத்தது. ஊன்றுகோலோடு பக்கத்தில் நின்றார் ஏசுராஜ். கூட்டத்தில் ஒரு பெரியவர், ஈரோட்டு ரயில் ஷெட்டில் நீராவி என்ஜின் ஓட்டி ரிடையரானவராம், குனிந்து இந்தப் பக்கம் பார்த்தார். சுற்றிப் போய் அந்தப் பக்கமும் பார்த்தார். விரலால் சக்கரத்தை மெல்ல உருட்டினார். ஒரு பக்கத்துத் தண்டு நுனிக்குப் போனபோது மறுபக்கத்தது நடுவில் இருந்தது.

“கிளம்பிரும்ங்க இது” என்றார். “யாரு கட்டுனதுங்க?”

“எங்க ஊட்டுக்காரருங்க” என்றாள் லூர்துசெல்வி. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் ஓங்கியிருந்தது.

ஏசுராஜ் நெஞ்சை நிமிர்த்தினார். “நாங்க ரெண்டு பேரும்ங்க” என்றார், அவளைவிடச் சத்தமாக.