செம்மறியின் குரலுக்கு ஆள் தேவை

1

இந்தக் கதை என்னுடையதில்லை. ஆக்லாந்தின் ஒடாஹுஹு பேருந்து நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, எனக்குப் பழக்கமான சிவனேசன் சொன்னது. சொல்லுகிற மும்முரத்தில் தன் பஸ் வந்து போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து நான் இப்படித் தொடங்கினேன்:

"சார்டீனியா இத்தாலிக்கு மேற்கே உள்ள ஒரு தீவு. அங்குள்ள மலைகளில் ஆடு மேய்ப்பவர்கள் தொன்றுதொட்டு—"

வெட்டிவிட்டேன். பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருந்தது. மனிதரிலிருந்தே தொடங்குகிறேன்.

2

ஆக்லாந்தின் தெற்குப் புறநகரான தகனினியில் சிவனேசனின் பக்கத்து வீட்டுக்காரர் எஃபீசியோ. எழுபதைத் தாண்டியவர். சார்டீனியா மலைகளில் செம்மறி மேய்த்து வளர்ந்தவர். மனைவி கிராசியாவின் அண்ணன் ஆக்லாந்தில் வீடு கட்டும் தொழிலில் இருந்ததால் இருவரும் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

போன குளிர்காலத்தில் கிராசியா இறந்துபோனார். மறுநாள் காலை எஃபீசியோ வேலிக்கு மேலாகச் சிவனேசனைக் கூப்பிட்டார்.

"அவளுடைய இறுதிச் சடங்கில் எங்கள் மலைப் பாட்டைப் பாட வேண்டும். நாலு பேர் தேவை. உன் குரலில் மாடு இருக்கிறது."

(அவருடைய உடைந்த ஆங்கிலத்தை எந்தத் தமிழில் எழுதுவதென்று திண்டாடினேன். உடைக்காமலே எழுதிவிட்டேன். துக்கத்தில் இருப்பவரைக் கொச்சையாகப் பேசவைக்க மனம் வரவில்லை.)

சிவனேசன் உள்ளே போய் மனைவி மாலினியிடம் சொன்னார்.

"என்ர குரலில மாடு இருக்காம்."

"அது எனக்குக் கலியாணத்தண்டே தெரியும்," என்றாள் மாலினி. முந்தைய நாள் அழுத முகம் இன்னும் வீங்கியிருந்தது. கிராசியா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து பின்னேரங்களில் போய் அவருக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டவள் அவள்தான்.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மலை மேய்ப்பர்கள் நாலு பேராக, தோளோடு தோள் சேர்த்து வட்டமாக நின்று பாடுவார்கள். ஒருவர்தான் பாட்டின் சொற்களைச் சொல்லுவார், அவர் மேய்ப்பர். மற்ற மூவருக்கும் சொற்கள் இல்லை. பிம், பாம், போ என்று தொண்டைக்குள்ளிருந்து வெறும் ஒலிதான். ஒருவர் மாடு, ஒருவர் செம்மறி, ஒருவர் காற்று. மலையில் பேச்சுத்துணைக்கு இருந்தவை அவை மூன்றும்தான் என்று எஃபீசியோ விளக்கினாராம்.

காற்றுக்கு எதிர்வீட்டு சியோனே கிடைத்தார். டோங்கா தீவுக்காரர், தேவாலயத்தில் பாடுபவர். செம்மறிக்கு ஆள் அகப்படவில்லை. இருந்த மூவரும் எஃபீசியோவின் கராஜுக்குள் பாடிப் பழகத் தொடங்கினார்கள்.

ஒரு பின்னேரம் மாலினி தேத்தண்ணீர் கொண்டுபோனாள். பாட்டு நடந்துகொண்டிருந்தது. தட்டைக் கீழே வைத்தபடியே, ஆளில்லாத அந்த இடத்தில் அவள் குரலை வைத்தாள். செம்மறி, அச்சொட்டாக.

எஃபீசியோ நிறுத்தினார்.

"இதைப் பெண்கள் பாடுவதில்லை."

"சரி," என்றாள் மாலினி. "தேத்தண்ணி ஆறப்போகுது." திரும்பி வந்துவிட்டாள்.

(இந்த இடத்தில் எஃபீசியோவை எனக்குப் பிடிக்காமல் போனது. முதல் பிரதியில் அவரைக் கத்த வைத்திருந்தேன். அதை வாசித்த சிவனேசன், "அவர் கத்தேல்ல தம்பி. மனுசியைப் பறிகுடுத்தவர். பழகினதைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார், அவ்வளவுதான்" என்றார். திருத்திவிட்டேன்.)

4

"உமக்கு எப்பிடி இது தெரியும்?" என்று வீட்டில் கேட்டார் சிவனேசன்.

"கிராசியா அன்ரி தலை இழுக்கேக்க முனகுவா. சின்னனில ஆம்பிளையள் பாடேக்க சுவருக்கு இங்கால இருந்து பிடிச்சதாம். எஃபீசியோவுக்குத் தெரியாது."

"அப்ப போய்ச் சொல்லுமன்."

"அவ இவ்வளவு காலமும் சொல்லாததை நான் ஏன் சொல்லுவான்?"

5

சடங்கன்று சவப்பெட்டிக்கு அருகே மூவரும் வட்டமாக நின்றார்கள். மாலினி முன்வரிசையில் இருந்தாள். இதற்குப் பிறகு நான் எழுதிப் பார்த்தவை:

மூன்று குரலோடு பாட்டு நொண்டியது, வந்தவர்கள் சங்கடத்தோடு— (இல்லை.)

மாலினி எழுந்து உண்மையைச் சொல்ல, எஃபீசியோ கண்கலங்கி— (நாடகம்.)

நடந்தது இது. சிவனேசன் காதில் கைவைத்து, கண்ணை மூடி, மாட்டுக் குரலைப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் பக்கத்திலேயே செம்மறி கேட்டது. கண்ணைத் திறந்தபோது அவருக்கும் எஃபீசியோவுக்கும் நடுவில் மாலினி நின்றாள். எஃபீசியோவின் கை அவள் தோளில் கிடந்தது.

அவர் கைநீட்டி அழைத்திருப்பார் என்கிறார் சிவனேசன். சியோனேயும் கண்ணை மூடியிருந்தாராம். மாலினியிடமே கேட்டேன்: "கூப்பிட்டவரோ, நீங்களாப் போனீங்களோ?"

"எப்பிடியெண்டாலும் பாடினனான்தானே, தம்பி."

இரண்டும் வேறுவேறு கதைகள். எது என்று நீங்கள் முடிவுசெய்யுங்கள்; நான் கைவிட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததில் மட்டும் யாருக்கும் கருத்துவேறுபாடு இல்லை.

பாட்டு முடிந்தும் எஃபீசியோ கையை எடுக்கவில்லை.

"அவளிடம் கற்றதா?"

மாலினி ஓமென்று தலையாட்டினாள்.

"அவளுக்குத் தெரிந்தது இந்த ஒரு குரல்தானா?"

மாலினி பெட்டியைப் பார்த்தாள்.

"நாலும்," என்றாள்.