இன்றைக்கு எந்த ஆட்டம்

ஏழாவது குழியில் களிமண்ணைத் திணித்து உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தாள் வாசுகி. இன்னும் ஏழு குழிகள் இருந்தன. பின்பக்கம் பக்கத்து வீட்டு வீரசாமியும் வேறு இரண்டு ஆண்களும் அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தூக்கிக்கொண்டு உள்ளே வருவதற்குள் தரை சமமாகிவிட வேண்டும். அந்தத் தோட்டத்து லயத்து வீட்டில் ஓர் ஆளை நீட்டிப் படுக்கவைக்க அந்த ஓர் இடம்தான் உண்டு. அதன் நட்டநடுவில் பல்லாங்குழி தோண்டி வைத்திருந்தார்கள்.

"ஏக்கா மூடுற? சாயந்தரம் ஆட வேணாமா?"

தங்கை புஷ்பவள்ளி சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. காலையில் அழுது முடித்துவிட்டாள்.

"இனிமே ஆட்டம் கெடையாது."

"அப்ப மூணு துண்டு யாருக்கு?"

வாசுகிக்கு அவளை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. கை மண்ணாக இருந்தது. அதைவிட, அதே கேள்வி விடிந்ததிலிருந்து தன் வயிற்றுக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். அறைவதற்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

எட்டாவது குழிக்கு மண் எடுத்தாள்.

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்து மூன்றாவது வருஷம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுவதற்கு ஆள் தேவையில்லை. பால்மரங்களையே வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். அப்பா பக்கிரிசாமி கத்தியை வைத்துவிட்டுக் கோடாலி எடுத்தார். வீட்டுக்கு வருவதெல்லாம் மரவள்ளிக் கிழங்குதான். சாயந்தரம் அம்மா அவித்து இறக்கினால் ஆறு துண்டு தேறும். அம்மா அம்சவள்ளி தன் பங்குக்குச் சட்டியில் ஒட்டியதை வழித்துக்கொள்வாள். மீதிப் பேருக்குத் தலைக்கு இரண்டு. யார் துண்டு பெரிசு என்று அக்காளும் தங்கச்சியும் தினம் அடித்துக்கொள்வார்கள்.

இந்தச் சண்டையைத் தாங்க முடியாமல்தான் அப்பா ஆட்டத்தைக் கொண்டுவந்தார். கெலிப்பவருக்கு மூன்று துண்டு, அடுத்தவருக்கு இரண்டு, தோற்றவருக்கு ஒன்று.

"தெனம் எல்லாரும் அர வயிறா கெடக்கிறதுக்கு, ஒருத்தராச்சும் முழுசா சாப்பிட்டுப் படுக்கலாமில்ல," என்றார். "எந்த ஆட்டம்னு வாசுகி சொல்லட்டும். அவதான் அஞ்சாங் கிளாஸ் படிச்சவ."

முதலில் தாயம் ஆடினார்கள். அப்பாவுக்கு என்ன ராசியோ, உருட்டினால் தாயம், விட்டால் பன்னிரண்டு. நான்கு நாள் ஆடியதில் மூன்று நாள் அவரே கெலித்தார். துண்டை எடுத்துப் பிள்ளைகள் தட்டில் வைக்கப்போன கையை அம்மா தட்டிவிட்டாள். "மரம் வெட்டப் போற ஒடம்பு. ஆட்டம்னா ஆட்டந்தான். தின்னுங்க." அப்பா தலையைக் குனிந்துகொண்டு தின்றார். பெரிய குற்றம் செய்தவர் மாதிரி வேகவேகமாகத் தின்றார்.

ஐந்தாம் நாள் வாசுகி யோசித்தாள். சீட்டுக்கட்டில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. ஆடுபுலி என்றால் அப்பாவின் புலியை இந்த லயத்தில் எவரும் கட்டியதில்லை. பல்லாங்குழி பெண்கள் ஆட்டம். ஆம்பிளைக்கு அதில் என்ன தெரியும்?

"இன்னிக்கிப் பல்லாங்குழிப்பா," என்றாள்.

அப்பா அவளைப் பார்த்துச் சிரித்தார். தானே கடப்பாரை எடுத்துவந்து தரையில் குழி வெட்டினார். சோழிக்குப் பதில் பால்மரக்கொட்டை பொறுக்கி வந்தார்கள். இரண்டிரண்டு பேராக மாறி மாறி ஆடினார்கள். அன்றைக்கு வாசுகிக்கு மூன்று துண்டு. மறுநாளும் மூன்று. அதற்கு மறுநாள் புஷ்பாவுக்கு. அப்பாவுக்கு ஒன்று, ஒன்று, ஒன்று.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் வாசுகி அதைக் கவனித்தாள். குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே வந்த அப்பாவின் கை ஒரு குழியில் மட்டும் இரண்டைச் சேர்த்து நழுவவிட்டது. ஒழுங்காகப் போட்டிருந்தால் பதினைந்து கொட்டை கிடந்த குழி அவருக்கு வந்திருக்கும். அடுத்த ஆட்டத்திலும் அதே மாதிரி. அப்புறம் ஒருநாள் புஷ்பா குழம்பி உட்கார்ந்திருந்தபோது, "ரெண்டாவது குழிய எடுத்துப் பாரு கண்ணு," என்றார் மெதுவாக. எடுத்தாள். ஆட்டமே அவள் பக்கம் சாய்ந்தது. இந்த மனுஷனுக்கா பல்லாங்குழி தெரியாது?

தாயக்கட்டை யார் பேச்சையும் கேட்காது. அதில் வேண்டுமென்று தோற்க முடியாது. பல்லாங்குழியில் முடியும். இது வாசுகிக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. மறுநாள் சாயந்தரம், "இன்னிக்கி எந்த ஆட்டம்?" என்று அப்பா கேட்டபோது அவள் சட்டியைப் பார்த்தாள், ஆவியைப் பார்த்தாள்.

"பல்லாங்குழிப்பா," என்றாள்.

அப்படி நாலரை மாதம் சொன்னாள். அப்பாவின் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து, எழும்ப நேரமானது. வீங்கிய காலோடு மரம் வெட்டப் போனார். நேற்று மத்தியானம் இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று விடியும்போது மூச்சு நின்றது.

பதினான்காவது குழியையும் மூடிச் சாணி போட்டு மெழுகியபோது உடலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழி இருந்த இடம் தெரியவில்லை. ஈரம் மட்டும் தெரிந்தது.

அப்பாவைக் கிடத்தியபின் வீரசாமி அம்மாவிடம் வந்து நின்றார்.

"தங்கச்சி, கோடிக்குச் சாக்குத்துணி இருக்கு, வெட்டி வச்சிட்டோம். வாய்க்கரிசிதான்... ஊபிக் கிழங்கு மாவு கொஞ்சம் போட்டுக்கலாம். போன வாரம் முருகையாவுக்கும் அதான் போட்டாங்க. யாரும் தப்பாப் பேச மாட்டாங்க."

"அரிசி வேணும்ண்ணே."

"அரிசிக்கு எங்க போவ? குருண் கடைத்தெருவுலயே அரிசியக் கண்ணால பாத்து மாசக் கணக்காச்சு."

அம்மா எழுந்து தகரப் பெட்டியைத் திறந்து கூறைப்புடவையை எடுத்தாள். அரக்கு நிறம். வீட்டிலிருந்த ஒரே நல்ல துணி. மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழங்குக்குப் போய்விட்டிருந்தது.

"மலாய்க்காரங்க கம்பத்துல பாக் சாலே வீட்ல நெல்லு வச்சிருப்பாரு. இதக் குடுத்துட்டு ஒரு பிடி வாங்கியாங்க."

"ஒரு பிடிக்கா? பிள்ளைங்க வயித்துக்குன்னு கேட்டா அர காந்தாங் அளந்துகூட குடுப்பாரு."

"வாயில போடறதுக்குன்னே கேளுங்க. குடுக்கிறத வாங்கியாங்க."

வீரசாமி புடவையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

அம்மா அடுப்படிக்குப் போனாள். வாசுகியும் பின்னாலேயே போனாள். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. முன்பக்கம் வீரசாமியின் மனைவி சீதாலட்சுமி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று வாசுகிக்குத் தோன்றியது.

"அம்மா."

"ம்."

"அப்பா வேணும்னேதான் தோத்தாரும்மா. பல்லாங்குழி அவருக்கு நல்லாத் தெரியும். ரெண்டு ரெண்டா போட்டு ஏமாத்துவாரு. எனக்கு மொதல்லயே தெரியும்மா. தெரிஞ்சுதான் தெனம் அதையே சொன்னேன்."

அம்மா அடுப்புச் சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அடிப்பாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்று வாசுகி காத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதா," என்றாள் அம்மா.

ஒப்பாரி நின்று மறுபடி தொடங்கியது.

"இன்னிக்காச்சும் தாயம்னு சொல்லுவ, சொல்லுவன்னு தெனம் உன் வாயையே பாத்துக்கிட்டிருந்தேன். நீ சொல்லல." குச்சி ஒடிந்தது. "நான் சொல்லியிருக்கலாம். உங்க ரெண்டு பேரு எலும்பையும் பாத்துட்டு நானும் சொல்லல."

வாசுகி அம்மாவின் தோளைத் தொடப் போனாள். அம்மா நகர்ந்துகொண்டாள். கோபத்தில் நகர்ந்த மாதிரி இல்லை. தொட்டால் தாங்க முடியாது என்பதுபோல நகர்ந்தாள். 

வெயில் சாய்வதற்குமுன் வீரசாமி திரும்பிவிட்டார். மடித்த வாழையிலைக்குள் இரண்டு பிடி பச்சரிசி. புடவையைப் பாக் சாலே திருப்பிக் கொடுத்தனுப்பியிருந்தார். சாவு வீட்டுக்கு விற்க மாட்டாராம். அம்மா புடவையை வாங்கி அப்பாவின் சாக்குத்துணிமேல் போர்த்தினாள். யாரும் தடுக்கவில்லை.

இலையைப் பிரித்ததும் அரிசி வாசனை வீடு முழுக்கப் பரவியது. ஒப்பாரி வைத்த பெண்கள்கூட ஒரு நொடி தடுமாறினார்கள். எல்லாருடைய கண்ணும் இலைக்குப் போய், வெட்கப்பட்டுத் திரும்பி அப்பாவின் முகத்துக்கு வந்தது. சீதாலட்சுமி அரிசியை முறத்தில் கொட்டித் தண்ணீர் தெளித்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுத்தாள். முதலில் அம்மா போட்டாள். மூன்று தரம் போட வேண்டியதை அவள் எண்ணவே இல்லை. போட்டுக்கொண்டே இருந்தாள். சீதாலட்சுமிதான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வாசுகி, வாம்மா. மூணு வாட்டி போடு. ஒங்கப்பன் நெறஞ்ச வயித்தோட போவட்டும்."

ஈர அரிசி உள்ளங்கையில் சில்லென்று இருந்தது. குனிந்தபோது வாயில் எச்சில் ஊறியது. அவள் கேட்டா ஊறியது? விழுங்கிக்கொண்டாள். அப்பாவின் உதட்டுக்கிடையில் முதல் தரம் போட்டாள். உள்ளே போகாமல் தாடையில் வழிந்தது. இரண்டாம் தரம், மூன்றாம் தரம். நாலைந்து அரிசி உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். பின்னால் ஆள்கள் காத்திருந்தார்கள்.

அடுத்துப் புஷ்பவள்ளி. வாங்கிய அரிசி முழுவதையும் ஒரே தரமாக வாயில் போட்டுவிட்டு, சிந்தியதையும் பொறுக்கி உள்ளே வைத்தாள். "முழுசா சாப்பிடுங்கப்பா," என்றாள். சீதாலட்சுமி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மூங்கில் பாடையைத் தூக்கினார்கள். பறை இல்லை. அடிக்கிறவர் சயாம் ரயில்பாதை போடப் போய் வருஷமாகிவிட்டது. பெண்கள் லயத்தின் கடைசி வீடுவரை வந்து நின்றார்கள். வெட்டிச் சாய்த்த மரங்களின் கட்டைகளுக்கு நடுவில் பாடை சின்னதாகிக்கொண்டே போனது. அம்மா மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாசுகி கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது அழுது மூச்சு வாங்கியது.

பாடை மேட்டைக் கடந்து மறைந்தபோதுதான், பல்லுக்கிடையில் ஏதோ கறுக்கென்று கடிபடுவது தெரிந்தது. கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் ஒட்டியிருந்த அரிசியைக் காணோம்.

அவள் மெல்லுவதை நிறுத்தவில்லை.